மரத்தின் புண் ஆறுமா?

(மூன்றாமாண்டு இளம் அறிவியல், தாவரவியல் மாணவர் ஒருவர் எழுதியது)

கடலூர் மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு 2011ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் மறக்க இயலாத நாள். அன்று காலைதான் 'தானே' புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறிற்று. எனக்கு அப்போது ஏழு வயது. காற்று ஓய்ந்தபின் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோது, முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்து கிடந்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு பெரிய மரங்கள் இருந்தன. வாசலில் தூங்குமூஞ்சி, கொல்லையில் வேம்பு. அவை இரண்டும் விழவில்லை. தூங்குமூஞ்சியில் சில கிளைகள் ஒடிந்தன. வேம்பில் பெருங்கிளை ஒன்று தண்டோடு சேருமிடத்தில் பிய்ந்து தொங்கிற்று. புயலுக்குத் தப்பிய அந்த இரண்டு மரங்களுக்கும் பின்னர் எங்கள் கைகளால் என்ன நேர்ந்தது என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன். தாவரவியல் வகுப்பில் நாம் பாடமாகப் படிக்கும் கேம்பியமும் சைலமும் ஒரு வீட்டின் கூரைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கைக்கும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதை நான் அறிந்துகொண்ட கதையும் இதுவே.

புயல் கழிந்த பிறகு ஊரெங்கும் மரத்தைக் கண்டாலே அச்சம். "உயரம் இருந்தால்தானே விழும்?" என்று என் தாத்தா ஆள் வைத்துத் தூங்குமூஞ்சியின் தலையை முழுதும் வெட்டச் செய்தார். எங்கள் பக்கத்தில் இதனை மொட்டையடித்தல் என்பார்கள். கிளைகள் எல்லாம் தொடைப் பருமனுள்ள இடத்தில் நறுக்கப்பட்டு, மரம் விரல் மடக்கிய கை போல நின்றது. அடுத்த மழையிலேயே வெட்டிய முனைகளைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் தளிர் விட்டது. மூன்றாண்டில் பழைய நிழல் திரும்பிவிட்டது. "பார்த்தாயா, மரம் பிழைத்துக்கொண்டது" என்று தாத்தா மகிழ்ந்தார். நாங்களும் மகிழ்ந்தோம்.

தாத்தா காலமாகிச் சில ஆண்டுகள் சென்றபின், 2022 மே மாதத்தில் ஒரு மாலை, கோடை மழைக்கு முன்னால் வழக்கமாக அடிக்கும் காற்று அடித்தது. புயலன்று, சாதாரணக் காற்று. அந்தத் தளிர்களில் ஒன்று, அதற்குள் என் இடுப்பளவு பருத்துவிட்ட ஒன்று, முனையிலிருந்து உரிந்து பக்கத்து வீட்டுக் கல்நார்த் தகட்டின் மேல் விழுந்தது. தகடு உடைந்து உள்ளே விளையாடிக்கொண்டிருந்த சிறுவனின் முழங்கை முறிந்தது. மூன்று மாதம் அவன் கை கட்டோடு இருந்தான். மருத்துவச் செலவை அப்பா கொடுத்தார், அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் இரண்டு வீட்டுக்கும் இடையே இருந்த பேச்சு அன்றோடு நின்றது. தூங்குமூஞ்சியை அந்த மாதமே அடியோடு வெட்டிவிட்டோம்.

அந்தத் தளிர் ஏன் உரிந்தது? இதற்கு விடை சொல்ல இரண்டாமாண்டு உடற்கூற்றியல் பாடமே போதும். இயல்பாகத் தோன்றும் ஒரு கிளை, தண்டு இளந்தண்டாக இருக்கும்போதே அதன் நடுவிலிருந்து புறப்படுகிறது. தண்டு ஆண்டுதோறும் பருக்கும்போது கிளையின் அடியும் அதற்குள் புதைந்துகொண்டே வருகிறது. சுவரில் ஆழ அடித்த முளையைப் போல அது உறுதியாக நிற்கும். மொட்டையடித்தபின் வெடிக்கும் தளிர்களோ பட்டைக்கு அடியில் உறங்கிக் கிடந்த மொட்டுகளிலிருந்தும் காயத்தைச் சுற்றிய புதுத் திசுவிலிருந்தும் வருபவை. அவற்றின் பிடி வெளி அடுக்கில் மட்டுமே. அதற்கு மேல், வெட்டிய முனையோ திறந்த புண். அதன்வழி பூஞ்சணம் இறங்கி உள்ளே உளுத்துக்கொண்டே போகிறது. ஆக, மேலே கிளை கனக்கிறது, கீழே கால் இற்றுப்போகிறது. மொட்டையடித்த மரம் பத்தாண்டுக்குப் பின் முன்னைவிட ஆபத்தானதாக ஆவது இதனால்தான். தாத்தா தம்மால் இயன்ற நல்லதைத்தான் செய்தார். அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை.

இனி வேம்புக்கு வருவோம். தூங்குமூஞ்சி போனபின் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் பார்வை கொல்லைப்புறம் திரும்பிற்று. (உறவுமுறைப் பெரியப்பா அல்லர், தெருவில் எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான்.) வேம்பின் மேற்குக் கிளை ஒன்று அவர் வீட்டுக் கூரைக்கு மேல் நீண்டிருந்தது. அதன் கீழேதான் அவர் வீட்டுக்குச் செல்லும் மின்கம்பி. போதாக்குறைக்கு, 2011இல் கிளை பிய்ந்த இடத்தில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு பொந்து விழுந்திருந்தது. "உள்ளே கூடாகப் போன மரம். அடுத்த புயலுக்கு என் வீட்டின் மேல்தான் படுக்கும். வெட்டிவிடச் சொல்லுங்கள்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் வழியாகச் சொல்லியனுப்பினார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. விறகுக்கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்து, வெட்டுக்கூலியும் தம்முடையது, மேலே பன்னிரண்டாயிரம் ரூபாயும் தருவதாகச் சொன்னார். அப்பா இசைந்துவிடும் நிலையில் இருந்தார். ஆயா மட்டும், "அவர் நட்ட மரம். என்னை எடுத்துக்கொண்டு போனபின் வெட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

2024 ஜனவரியில், பொங்கல் விடுமுறை கழிந்து கல்லூரி திறந்த அன்று, எங்கள் துறைப் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்ட முதற்கேள்வி, "பொந்து இருக்கிறது என்கிறாய், சுற்றியுள்ள நல்ல கட்டை எவ்வளவு தடிப்பு? அளந்தாயா?" என்பது. நான் அளக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரே பேருந்தேறி வந்தார்.

அவர் மரத்தைப் பார்த்த முறை எனக்கு ஒரு பாடம். முதலில் மரத்தின் அருகே போகவே இல்லை. தெருமுனையில் நின்று தலையின் வடிவத்தையும் சாய்வையும் பார்த்தார். பிறகு அடிமரத்துக்கு வந்து குந்தி, மண் எங்கேனும் வெடித்து மேலெழும்பியிருக்கிறதா, வேரடியில் காளான் முளைத்திருக்கிறதா என்று தேடினார். அடிமரத்தில் முளைக்கும் தடித்த காளான் உள்ளே அழுகல் இருப்பதன் அறிகுறி. சாய்ந்த மரத்தின் எதிர்ப்புறம் மண் வெடித்திருந்தால் வேர் பிடிவிட்டுக் கொண்டிருக்கிறது என்று பொருள். இவை இரண்டும் எங்கள் வேம்பில் இல்லை. ஆனால் மேற்குப் பக்கம் வேர் இருக்க வேண்டிய இடத்தில் மதில்சுவர் ஓடியது. "இந்தச் சுவர் கட்டக் குழி தோண்டியபோது வேரை வெட்டினார்களா?" என்று கேட்டார். வெட்டினார்கள், பெரியப்பாதான் கட்டினார். அப்பா அதை அந்த நேரத்தில் மகிழ்ச்சியோடு சொன்னதை நான் கவனித்தேன். பேராசிரியர் அதில் மகிழவில்லை. "அப்படியானால் அந்தப் பக்கம் பிடி குறைவு. மேலே பாரத்தையும் அதற்குத் தக்கபடி குறைக்க வேண்டும்" என்று மட்டும் சொன்னார்.

பிறகு மரச்சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். தேங்காய் வாங்குபவர் தட்டிப் பார்ப்பதைப் போலத்தான். பொந்துக்கு மேலும் கீழுமாக ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓசை மாறிற்று. பொந்தின் விளிம்பில் உளுத்த தூளைச் சுரண்டி எடுத்து, நல்ல கட்டையின் தடிப்பை நான்கு இடங்களில் அளந்தோம். குறைந்த அளவு 14 செண்டிமீட்டர். அந்த உயரத்தில் தண்டின் சுற்றளவு 220 செண்டிமீட்டர். அதாவது குறுக்களவு 70.

இயற்பியல் நண்பர்கள் இவ்விடத்தில் என் பக்கம் வர வேண்டும். ஒரு முழு உருளையின் வளைவு தாங்கும் ஆற்றல் அதன் குறுக்களவின் மும்மடிப்படி மாறுகிறது. அதுவே உட்கூடான குழாயானால் இழக்கும் ஆற்றல், உட்குறுக்களவுக்கும் வெளிக்குறுக்களவுக்கும் உள்ள விகிதத்தின் நான்காம் படி. எங்கள் வேம்பில் உள்ளே கெட்டது 42, வெளியே 70. விகிதம் 0.6. அதன் நான்காம் படி ஏறத்தாழ 0.13. ஆக, பாதிக்கு மேற்பட்ட குறுக்களவு கூடாகப் போன மரம் தன் வலிமையில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கையே இழந்திருக்கிறது! கருங்கல் தூணையும் இரும்புக் குழாயையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது, நாங்களோ வியந்துபோனோம். பொந்து ஒரு பக்கம் திறந்திருப்பதால் இழப்பு இதனினும் சற்றுக் கூடும் என்று பேராசிரியர் எச்சரித்தார். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரத்து ஆய்வாளர் கிளாஸ் மத்தெக், ஒடிந்த மரங்களையும் நின்ற மரங்களையும் அளந்து, நல்ல கட்டையின் தடிப்பு ஆரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் கவலை என்று ஒரு வழிகாட்டு அளவு தந்திருக்கிறார். எங்களுடையது 14க்கு 35. அதாவது 40 விழுக்காடு.

இங்கே நண்பர்களுக்கு ஒரு கேள்வி எழ வேண்டும், எனக்கு எழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக உளுக்கும் மரத்தில், அந்த உளுப்பு ஏன் வெளிப்பட்டை வரை வந்து சேரவில்லை?

இதற்கு விடை கண்டவர் அலெக்ஸ் ஷைகோ என்னும் அமெரிக்கர். 1930இல் பிறந்து 2006இல் மறைந்த இவர், அந்நாட்டு வனத்துறையில் பணியாற்றியவர். அவருக்கு முன் ஆய்வாளர்கள் மரத்தைப் பெரும்பாலும் குறுக்கே அறுத்துப் பார்த்தார்கள். மோட்டார் ரம்பம் கைக்கு வந்த காலத்தில் ஷைகோ மரத்தை நெடுக்கே பிளந்து பார்த்தார். ஆயிரக்கணக்கான மரங்களை அப்படிப் பார்த்தார். ஹரால்டு மார்க்ஸ் என்பவரோடு சேர்ந்து 1977இல் அவர் வெளியிட்ட நூலில், காயம்பட்ட மரம் தனக்குள் நான்கு சுவர்களை எழுப்பிக்கொள்வதாக விளக்கினார். முதற்சுவர், அழுகல் மேலும் கீழும் ஓடாதபடி சைலக் குழாய்களை அடைப்பது. நாம் படிக்கும் டைலோஸ்கள் இதில் ஒரு பங்கு வகிக்கின்றன. இதுதான் நான்கிலும் நோஞ்சான். இரண்டாவது, உள்நோக்கிப் பரவாமல் தடுக்கும் வளர்ச்சி வளையங்கள். மூன்றாவது, பக்கவாட்டில் பரவாமல் தடுக்கும் கதிர்த்திசு. நான்காவதே கோட்டை மதில். காயம்பட்ட பின்னர் கேம்பியம் புதிதாக ஓர் அடுக்குச் செல்களை இட்டு, பழைய கட்டைக்கும் இனி உண்டாகப் போகும் கட்டைக்கும் இடையே எல்லை கட்டிவிடுகிறது. பூஞ்சணம் பழையதைத் தின்னலாம். புதியதற்குள் நுழைவது அரிது.

எங்கள் வேம்பின் 14 செண்டிமீட்டர் நல்ல கட்டையில் பெரும்பகுதி 2011 டிசம்பருக்குப் பின் வளர்ந்ததாகவே இருக்க வேண்டும். நமக்குக் கையில் காயம்பட்டால் அதே இடத்தில் புதுச் செல் தோன்றிப் பழையதன் இடத்தைப் பிடிக்கிறது, புண் ஆறுகிறது. மரத்தில் அது நடவாது. கெட்டது கெட்டதாகவே உள்ளே இருக்கும். மரம் அதைச் சுவர் வைத்து அடைத்துவிட்டு, அதன்மேல் புது மரமாக வளர்ந்துபோகிறது. இக்கட்டுரையின் தலைப்பில் கேட்ட கேள்விக்கு ஷைகோவின் விடை, ஆறாது என்பதே.

இடையில் ஒரு செய்தி. தொல்காப்பியத்தின் மரபியலில் புல், மரம் என்னும் பகுப்பு வருகிறது. வெளியே வயிரம் உடையன புல்; உள்ளே வயிரம் உடையன மரம். அவ்வகையில் தென்னையும் பனையும் மூங்கிலும் புல்லாகின்றன. இது வெறும் சொல்லழகு என்று நினைத்திருந்தேன். ஒருவித்திலைத் தாவரமான தென்னையில் கேம்பியம் இல்லை. ஆகவே ஏறுவதற்காக வெட்டிய படி தென்னையில் ஆயுள் முழுதும் படியாகவே இருக்கும், ஒருநாளும் மூடாது. வேம்பில் அப்படி வெட்டினால் சில ஆண்டுகளில் விளிம்பிலிருந்து புதுத் திசு உருண்டு வந்து மூடிவிடும். வெட்டுவாள் எடுப்பவர் முதலில் அறிய வேண்டிய வேற்றுமை இதுவே.

மரத்தை வெட்ட வேண்டியதில்லை, கழித்தால் போதும் என்று முடிவாயிற்று. எப்போது கழிப்பது? வேம்பு தை, மாசியில் இலையுதிர்த்துப் பங்குனியில் தளிர்க்கும். தளிர்க்கும் முன் வெட்டினால், வெட்டிய கையோடு கேம்பியம் சுறுசுறுப்படையும் பருவம் வந்துவிடும். புண் விரைவில் மூடத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வெட்டுவது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பது போன்றது. பட்ட கிளையை மட்டும் எந்த மாதத்திலும் எடுக்கலாம். மாமரத்துக்குக் கணக்கு வேறு: காய் பறித்தபின்தான் கவாத்து. மாசி முதல் வாரம் நாள் குறித்தோம். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, அன்று பத்து மணி முதல் ஒரு மணி வரை கம்பியில் மின்சாரத்தை நிறுத்தச் செய்தோம். இதைச் செய்யாமல் மரமேறி உயிரிழந்தவர்களைப் பற்றி நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம்.

மரமேறுபவர் பக்கத்து ஊர்க்காரர். அறுபது வயது, ஐம்பதாண்டுத் தொழில். உதவிக்கு மூன்று பேர். கூலி ஆறாயிரத்து ஐந்நூறு என்று பேசினோம். விறகுக்கடைக்காரர் தருவதாகச் சொன்ன பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் மரத்தை வைத்துக்கொள்வதற்கு எங்களுக்குப் பதினெட்டாயிரத்துக்கு மேல் செலவு. அப்பா அந்தக் கணக்கை இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னார்.

வந்தவுடன் ஒரு வாக்குவாதம். கிளையை வெட்டும்போது முழ நீளக் கொம்பு விட்டு வெட்டுவது பெரியவரின் வழக்கம். பேராசிரியர் கூடாது என்றார். "கொம்பு இருந்தாத்தான் சார் அடுத்த தபா காலு வச்சி ஏற முடியும். மொழுக்குனு வெட்டிட்டா எதப் புடிச்சி ஏறுறது?" என்றார் பெரியவர். நான் படித்த எந்த நூலிலும் இந்தக் காரணம் இல்லை; அவர் காலுக்கு அது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் விட்ட கொம்பில் இலையில்லை, உணவில்லை. அது பட்டுப்போய், அழுகலை உள்ளே அழைத்துச் செல்லும் திரியாகிவிடுகிறது. புதுத் திசுவும் அந்தக் கொம்பைத் தாண்டி மூட இயலாமல் அதன் அடியிலேயே நின்றுவிடுகிறது. கடைசியில் ஏணியும் இடுப்பு வடமும் எங்கள் செலவில் வாங்கித் தருவது, கொம்பு விடுவதில்லை என்று இருவரும் இணங்கினார்கள்.

அப்படியானால் தண்டோடு ஒட்ட மழித்துவிடலாமா? அதுவும் தவறு; 2011இல் வேம்பில் நேர்ந்தது அதுதான். கிளை தண்டோடு சேரும் இடத்தை உற்றுப் பாருங்கள். மேற்புறக் கவட்டில் பட்டை நெரிந்து வரம்பு போல ஒரு கோடு ஓடும். கீழ்ப்புறம் மோதிரம் போட்டது போல ஒரு புடைப்பு இருக்கும். அதைக் கழுத்து என்று சொல்லலாம். அந்தக் கழுத்து கிளையைச் சேர்ந்ததன்று, தண்டைச் சேர்ந்தது. அழுகலைத் தடுக்கும் காப்புப் பகுதியும் அங்கேதான் உள்ளது. ஆகவே வாள், மேலே வரம்புக்கு வெளியே தொடங்கிக் கீழே கழுத்துக்கு வெளியே முடிய வேண்டும். கழுத்தை அறுத்தால் தண்டையே காயப்படுத்தியதாகும்.

பருத்த கிளையை ஒரே வெட்டில் எடுப்பதும் கூடாது. பாதி வெட்டுவதற்குள் அது தன் பாரத்தால் சாய்ந்து, அடியில் பட்டையை முழக்கணக்கில் உரித்துக்கொண்டு விழும். மூன்று வெட்டாக எடுக்க வேண்டும். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிக் கீழ்ப்புறத்தில் கால் பங்கு ஆழம் முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேற்புறத்திலிருந்து இரண்டாம் வெட்டு, அதில் கிளை பிரிந்துவிடும். எஞ்சிய துண்டைக் கழுத்துக்கு வெளியே மூன்றாம் வெட்டில் எடுப்பது. பெரியவருக்கு முதல் இரண்டும் பழக்கமானவையே. கீழ்வெட்டுக்கு அவர் 'நாக்கு வெட்டு' என்று பெயர் வைத்திருந்தார். கூரைக்கு மேலிருந்த கிளைகளை வடம் கட்டி, வடத்தின் மறுமுனையை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒருவர் மெல்ல மெல்லத் தளர்த்த இறக்கினார்கள். உராய்வின் பயனால் ஒல்லியான பையன் ஒருவன் தன்னைவிடக் கனமான கிளையைத் தனியே நிறுத்திப் பிடித்தான்.

எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் காலை முழுதும் கழிந்தது. பட்டது, ஒடிந்தது, ஒன்றோடொன்று உரசுவது இவை முதலில் போயின. பிறகு மேற்குக் கிளை. ஒன்பது மீட்டர் நீளம். அதை அடியோடு எடுத்தால் தண்டில் இன்னொரு பெரும்புண் ஆகும். ஆகவே முனையிலிருந்து இரண்டரை மீட்டர் குறைத்து, மேல்நோக்கிச் செல்லும் ஒரு பக்கக் கிளையில் கொண்டுபோய் நிறுத்தினோம். அந்தப் பக்கக் கிளை, வெட்டும் இடத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தலைமையேற்காது, தூங்குமூஞ்சியின் கதைதான். இரண்டரை மீட்டர் சிறிதாகத் தோன்றலாம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கப்படி ஏறுகிறது. 40 கிலோமீட்டர் வேகக் காற்றைவிட 120 கிலோமீட்டர்க் காற்று ஒன்பது மடங்கு தள்ளும். அந்த விசை நெம்புகோலின் நுனியில் விழுந்தால் அடியில் திருகு மிகுதி. எட்டு மீட்டர்த் தொலைவிலுள்ள ஒரு கொத்து இலை, நான்கு மீட்டரில் உள்ள அதே கொத்தைப்போல இருமடங்கு திருகும். எனவே நுனியில் எடுப்பதற்கே பலன் அதிகம்.

பெரியவரின் ஆட்களில் ஒருவர் உள்கிளைகளையெல்லாம் துடைத்தெடுக்கத் தொடங்கினார். "காத்து பூந்து போவும்" என்றார். பேராசிரியர் கைகாட்டி நிறுத்தினார். உள்ளே வழித்துவிட்டு நுனியில் மட்டும் குஞ்சம் விட்டால் கிளை சிங்கத்தின் வாலைப் போல ஆகிவிடும், பாரமெல்லாம் நுனியில். அதோடு, இலை என்பது மரத்தின் சமையலறை. ஓராண்டில் பசுந்தலையில் கால் பங்குக்கு மேல் எடுக்கலாகாது. முதிர்ந்த மரத்தில் அதனினும் குறைவாக. அன்று நாங்கள் எடுத்தது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கீழே நின்று பார்த்த தெருக்காரர்கள், "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? வெட்டினதே தெரியலையே!" என்றார்கள். பேராசிரியருக்கு அன்றைக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

வெட்டுவாயில் தாரோ சாணமோ பூச வேண்டும் என்று ஆயா கேட்டார். ஷைகோவும் அவர் வழிவந்தோரும் பூச்சு பூசிய புண்ணையும் பூசாத புண்ணையும் ஒப்பிட்டு, பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்று கண்டார்கள். மாந்தோப்புகளில் போர்டோ பசை பூசச் சொல்லும் தோட்டக்கலை ஆசிரியர்கள் இதை ஒப்புவதில்லை; பழமரத்தின் சில நோய்களுக்கு அவர்கள் சொல்வதும் பொருந்தும். வேம்பில் நாங்கள் ஒன்றும் பூசவில்லை. பொந்தில் சிமெண்டு அடைக்கும் யோசனையும் வந்தது. காற்றில் மரம் வளையும், சிமெண்டு வளையாது என்பதால் விட்டுவிட்டோம். ஆயா மட்டும் நாங்கள் பார்க்காத நேரத்தில் கைக்கெட்டிய ஒரு வெட்டுவாயில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துவிட்டார். பேராசிரியர் அதைப் பார்த்தும் பாராதவர் போல இருந்தார்.

இரண்டு வேலை அன்று முடியவில்லை. ஒன்று என் பிழை. தாழ்ந்திருந்த மணிக்கட்டுப் பருமனுள்ள கிளை ஒன்றை நான் அறுக்கக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏணியில் நின்ற நடுக்கத்தில் கைவாள் சரிந்து கழுத்தின் கீழ்ப்பகுதியைக் கடித்துவிட்டது. வெட்டியபின் ஒட்ட முடியாது. மற்றொன்று, பெரியப்பா வீட்டுப் பக்கமே மேலே நின்ற ஒரு பட்ட கிளை. பெரியவர் அதன் அருகே போய், வாளை எடுக்காமல் திரும்பி இறங்கினார். "பொந்துல கிளி இருக்கு தம்பி. குஞ்சு கத்துது. பங்குனி முடியட்டும்" என்றார். அந்தக் கிளைக்காகத்தான் பெரியப்பா இத்தனை நாள் அஞ்சியிருந்தார். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டிய எங்களை அவர் என்ன நினைப்பார்? அப்பா மதிலருகே சென்று, பேச்சற்றுப்போன இரண்டாண்டில் முதல் முறையாக அவரைப் பார்த்துக் காரணத்தைச் சொன்னார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டு, அந்தக் கிளையின் கீழிருந்த கட்டிலைத் தூக்கி மறுபக்கம் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் பிற்பாதியில் ஒரு காலை, நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "டேய் தம்பி, கிளிக்குஞ்சு பறந்துபோய் நாலு நாளாச்சு. உங்க ஆளை வரச் சொல்லு." பெரியவர் மறுவாரம் வந்து அந்தக் கிளையைக் கழுத்து விட்டு எடுத்தார். வடத்தின் முனையைப் பெரியப்பா வீட்டுச் சிறுவன், முழங்கை முறிந்தவன்தான், பிடித்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

இவ்வாண்டு ஜனவரியில், கழித்துப் பதினோரு மாதம் ஆனபின், ஏணி வைத்து ஏறி வெட்டுவாய்களை அளந்தேன். கழுத்து விட்டு வெட்டிய ஏழு இடங்களிலும் புதுத் திசு சுற்றிலும் மோதிரமாக 2 முதல் 2.5 செண்டிமீட்டர் வரை உருண்டு வந்திருக்கிறது. மஞ்சள் பூசியதிலும் அதே அளவுதான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் அறுத்த இடத்தில் பக்கங்களில் 2 செண்டிமீட்டர் இருக்கிறது. கீழ்விளிம்பில் ஒன்றும் இல்லை. அங்கே பட்டை 4 செண்டிமீட்டர் நீளத்துக்குக் காய்ந்து கறுத்திருக்கிறது. அந்த இடத்துக்கு ஆணியில் 8 என்று எண் பொறித்த தகடு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மரத்தில் ஆணி அடிக்கவில்லை.